புகையிலைக் காம்பு வைத்த பக்கம்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முன்னால் ஒரு லாரி வந்து சேர்ந்தது, தார்ப்பாய்க்கு அடியில் புகையிலைச் சிப்பங்கள், வேடசந்தூர்ப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும், கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பதம் போட்ட இலையின் அந்த வாசனை, பாதி இனிப்பும் பாதி காரமுமாகத் தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை, சன்னல் வழியே நிறைந்தது. முன் சீட்டில் இருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அது புத்தக வாசனை. பதினைந்து வயதுவரை நான் படித்த ஒவ்வொரு பழைய புத்தகத்திலும் இந்த வாசனைதான் இருந்தது, ஏனென்றால் தாத்தா தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்த புத்தகங்கள் எல்லாவற்றிலும், நாற்பது ஐம்பது பக்கத்துக்கு ஒன்றாக, காய்ந்த புகையிலைக் காம்பைச் சொருகி வைத்திருந்தார், இராமபாணப் பூச்சி அண்டாது என்பது அவர் கணக்கு. காம்பு இருந்த பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும், அந்தக் கோட்டுக்கு அடியில் அகப்பட்ட வரிகள் மட்டும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

தாத்தா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைக்காரர்கள் தேடி வந்து படம் எடுத்த பட்டறைகளெல்லாம் அநேகமாகக் கூரை இறங்கிப்போனவை, அவர் காலத்தில் அந்தத் தெருக்களில் காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை அரத்தின் ஓசை ஓயாது, வாசல்படியில் இரும்புத்தூள் மினுங்கும், மழை பெய்தால் தெருத் தண்ணீர் துருச் சிவப்பாக ஓடும். மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் உட்கார வைப்பது அவர் வேலை, ஆறு லீவர், எட்டு லீவர், ஒவ்வொன்றையும் கையாலேயே ராவி, சாவியைப் போட்டுத் திருப்பிக் காதோரம் வைத்துக் கேட்பார், ஓசை சரியாக இல்லையென்றால் மறுபடி பிரிப்பார். மாலையில் கையை மண்ணெண்ணெயில் துடைத்து, சிகைக்காய் போட்டுக் கழுவி, வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போவார். கோயிலுக்குப் போகும்போது கூட அவர் அவ்வளவு சுத்தமாகப் போனதாக எனக்கு நினைவில்லை.

நூலகத்தில் அவர் முதலில் பார்ப்பது பீரோவில் தொங்கும் பூட்டைத்தான். விரலால் லேசாக ஆட்டிப் பார்த்து, இது இன்னார் பட்டறைச் சரக்கு என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்வார், சில நாள் முகம் சுருங்கும், "எட்டு லீவர் போட்டிருக்கான்டா, புஸ்தகத்துக்கு எதுக்கு எட்டு லீவரு" என்பார். வருஷா வருஷம் வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துவந்து, அதில் நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவதும் அவர்தான், அந்தச் சில்லறைப் பைசாவினால் அந்த மேசை, அந்த மின்விசிறி, அந்தப் பேப்பர் எல்லாம் தனக்கும் பாத்தியப்பட்டவை என்று அவர் உறுதியாக நம்பினார். அவர் நம்பியது சரிதான். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம், சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு சிறு தொகையை வாங்கியது, அதன் பின்னால் இருந்த கை சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனுடையது என்பதெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. மாலை நேரத்து மஞ்சள் வெயில் மேல் சன்னல் கம்பிகளுக்கு ஊடே வந்து நீள மேசையில் விழுந்து, ஒவ்வொரு கிழவராகக் கடந்து போகும், வெயில் தன் தாளுக்கு வந்ததும் அவரவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார்கள், ஒருவர் படித்து முடிக்கும்வரை அடுத்தவர் அந்தத் தாளைத் தொடமாட்டார், காத்திருப்பார், அந்தக் காத்திருப்பில் அவசரமே இருக்காது.

லாரி இப்போது ஓரம் கட்டி வழிவிட்டது, வாசனை பின்தங்கியது, ஆனால் மனசு அதற்குள் வேறு ரோட்டுக்குப் போய்விட்டிருந்தது, மதுரை ரோட்டுக்கு, சின்னாளப்பட்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காந்திகிராமத்துக்குப் படிக்கப் போன நாட்களுக்கு. கிழக்கே சிறுமலை, மேற்கே தூரத்தில் கொடைக்கானல் மலையின் நீலம், நடுவே அம்பாத்துரை ரயில் நிலையம், அதையொட்டி வேப்பமரங்களுக்குள் ஓடு வேய்ந்த கட்டடங்கள். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து மருத்துவம் படித்த சௌந்தரம் அம்மாவும், அவரை மணந்த ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் தொடங்கிய இடம், 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. நான் சேர்ந்தபோதும் கதர் கட்டிய பெரியவர்கள் சிலர் வளாகத்துக்குள்ளேயே இருந்தார்கள், விடியற்காலையில் குளித்துவிட்டுத் துணியைத் தாங்களே பிழிந்து உலர்த்துவார்கள், சர்வசமயப் பிரார்த்தனைக்கு மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள், அங்கே முடிந்ததும் நேராக நூலகம்தான். அவர்களிடம் யாரும் அடையாள அட்டை கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் மட்டுமல்ல, சின்னாளப்பட்டித் தறிக்காரர் ஒருவர், சாயக் கறை விரலோடு வந்து, துணிச் சாயம் பற்றிய பழைய புத்தகத்தை நின்றபடியே புரட்டிவிட்டுப் போவார், நூலகர் தலை நிமிர்ந்து ஒரு வணக்கம் வைப்பார், அவ்வளவுதான்.

அந்த நூலகரிடம்தான் ரங்கநாதனைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, லண்டன் போய்ப் பயின்று திரும்பி, கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்த அலமாரிகளைத் திறந்துவிட்டார், வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிப்பந்தி கொண்டுவரும்வரை காத்திருந்த வாசகர், தானே அலமாரிக்குள் நடந்து போய்த் தேடாத புத்தகத்தையும் கண்டெடுக்க முடிந்தது. 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததைச் சொல்கிறார். அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபை பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். சங்கிலியில் கட்டிய புத்தகத்துக்கும் வண்டியேறி வாசலுக்கு வந்த புத்தகத்துக்கும் நடுவே எத்தனை நூற்றாண்டுப் பயணம், அதை ஒருவர் தன் வாழ்நாளுக்குள் நடந்து காட்டினார் என்று நூலகர் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும், மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வார்.

அம்மாச்சி கேட்ட கேள்வியும் அந்த வருஷங்களைச் சேர்ந்ததுதான். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம் அவளுடையது, இந்த பஸ் இப்போது போய்க்கொண்டிருக்கும் செம்பட்டியிலிருந்து எட்டி நடந்தால் போய்விடலாம். 1959இல் காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் அதில் இருந்தது, கிராமம் கிராமமாகப் பெண்கள் வந்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை தங்கியது, எத்தனையோடு போதும் என்று நினைக்கிறீர்கள் என்றெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். அந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் அம்பாத்துரையில் இன்றும் இருக்கும் கிராமிய சுகாதார, குடும்பநலப் பயிற்சி நிறுவனம், குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி உலகம் பேசிய அந்த நாட்களில் ஆத்தூரின் பெயர் கடல் தாண்டிப் போனது. எங்கள் அம்மாச்சிக்கு அவர்கள் நோட்டுக்காரப் பெண்கள். நான் காந்திகிராமத்தில் சேர்ந்தேன் என்றதும் அவள் கேட்டது, பருப்பை முறத்தில் புடைத்துக்கொண்டே, "ஏம்ப்பா, அந்தப் புள்ளைக எழுதிக்கிட்டுப் போன நோட்டு அங்கனதான இருக்கும், அதுல நம்ம ஊரு இருக்கா பாரு".

திறந்த அலமாரி என்பதால்தான் அது கிடைத்தது. எதையோ தேடப் போய், கீழ்த்தட்டில், தூசியும் பல்லி முட்டையுமாகக் கிடந்த ஒரு கட்டுக்குள் அந்தத் திட்டம் பற்றிய அறிக்கை ஒன்று இருந்தது, சைக்ளோஸ்டைல் செய்த தாள், மை ஊறி எழுத்துக்கு நிழல் விழுந்திருந்தது, அட்டவணைக்குள் எங்கள் ஊரின் பெயர் ஒரு வரியாக இருந்தது, பக்கத்தில் சில எண்கள். நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டு போய் அம்மாச்சிக்கு வாசித்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், முடிந்ததும் சற்று நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "அம்புட்டுத்தானா" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ கருத்தரங்கு மேடைகளில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு காலம் மாறியது, நல்லபடியாகவே மாறியது என்று சொல்ல ஒரு கட்டம் உண்டு. 2001 டிசம்பரில் புடாபெஸ்டில் கூடிய சிலர், அறிஞர்கள் காசு வாங்காமல் எழுதித் தரும் ஆய்வுக் கட்டுரைகளைக் காசு கேட்காமல் எல்லோருக்கும் இணையத்தில் திறந்து வைப்போம் என்று 2002இல் அறிவித்தார்கள், அச்சும் தபாலும் இல்லாமல் உலகத்தின் எந்த மூலைக்கும் ஒரு பிரதியை அனுப்ப முடிகிற காலத்தில் அது நடக்கக்கூடியதாகவே பட்டது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சுப்பையா அருணாசலம் அதையே மூச்சாகப் பேசிக்கொண்டிருந்தார், பரிசோதனைச் சாலையில் இருப்பவருக்குத் தகவல் எவ்வளவு தேவையோ அவ்வளவு கடற்கரையிலும் வரப்பிலும் இருப்பவருக்கும் தேவை என்ற நினைப்பில் இரண்டையும் ஒரே வேலையாகச் செய்தவர் அவர். அந்த நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து, செயற்கைக்கோள் வழியே இணைத்த கிராம வள மையங்களை 2004 அக்டோபர் 18 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார், முதல் மூன்றில் ஒன்று திருவையாறு, ஒன்று தங்கச்சிமடம், மூன்றாவது எங்கள் செம்பட்டி. பஸ் நிற்கவும் பூக்கூடை இறக்கவும் டீ குடிக்கவும் மட்டுமே என்று நாங்கள் நினைத்திருந்த செம்பட்டி. நான் ஒரு முறை போய்ப் பார்த்தேன், சம்சாரி ஒருவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்து, எங்கோ ஓர் ஊரில் இருந்த வல்லுநரிடம், வாழை இலை எப்படி மஞ்சள் பூத்து மடிகிறது என்று கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், மன்னார்குடி மாட்டு வண்டி அன்று என் கண்ணில் வந்து நின்றது.

அதே காலத்தில், இன்னும் சத்தமில்லாமல், தமிழுக்கும் நல்லது நடந்துகொண்டிருந்தது, 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களை ஊர் பேர் தெரியாத மனிதர்கள் இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், 2005இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் தளம் வந்தது, 2017இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தைத் திறந்தது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த புத்தகங்களில் பாதி இன்று அங்கே இருக்கிறது, காம்பும் கோடும் இல்லாமல்.

ஆய்வேடுகள் கூட வெளியே வந்துவிட்டன. நாங்கள் படித்தபோது முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் கண்ணாடி பீரோவுக்குள் தங்க எழுத்தோடு நிற்கும் ஒன்று, துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிப் போனால் நூலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம், இப்போது 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதியைத் தொடர்ந்து அவையெல்லாம் சோத்கங்கா என்ற களஞ்சியத்துக்குப் போகின்றன, காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் அதை நடத்துகிறது, சின்னாளப்பட்டி நெசவைப் பற்றி எழுதியதைச் சின்னாளப்பட்டியில் தறிக்குழியில் உட்கார்ந்தே செல்போனில் படிக்கலாம். பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகளில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது, பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும், அதைச் சரிசெய்ய யாராவது முனைய வேண்டும். 2013இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தன் வெளியீடுகளைத் திறந்துவிட முடிவெடுத்தது, வேடசந்தூரில் இருக்கும் புகையிலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாய் அமைப்பு அதுதான், வரப்பில் விளைந்த அறிவு வரப்புக்குத் திரும்ப ஒரு வழியாவது உண்டானது.

ஆனாலும் இன்றைக்கு ஒரு கல்லூரி நூலகத்துக்குள் நுழையும்போது எனக்கு என்னவோ குறைகிறது. குளிர்சாதனம் ஓடுகிறது, வாசனையென்று எதுவும் இல்லை, சன்னல்களுக்குத் திரை போட்டிருக்கிறார்கள், வெயில் உள்ளே வருவதில்லை, வரிசையாகக் கணினிகள், பிள்ளைகள் அவற்றைப் பார்க்காமல் போட்டித் தேர்வுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிமிராமல் படிக்கிறார்கள், பாவம், அவர்கள் கவலை அவர்களுக்கு. வாசலில் அட்டையைக் காட்டினால் சுழலும் கதவு. முடி நரைத்த ஒரு தலை கூட உள்ளே இல்லை, சாய விரலோடு வரும் தறிக்காரர் வாட்ச்மேனைத் தாண்ட முடியாது. அட்டை இருக்கிறவர்களுக்கு இன்றைக்கு வசதி பெரிது, மறுக்கவில்லை, 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு வாங்கித் தருகிறார்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் பயன்பெறுவார்கள் என்கிறார்கள். காந்திகிராமத்து மாணவனுக்குக் கிடைக்கும் கட்டுரை, அதே ரோட்டில் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எங்கள் சித்தி பேத்திக்குக் கிடைக்காது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியாருக்குக் கிடைக்காது. மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு மறுபடி பணம் கட்டினால்தான் கதவு திறந்திருக்கும். அந்த ஆராய்ச்சிகளில் எவ்வளவோ நம் வரிப்பணத்தில் நடந்தவை, அதைப் படிக்கவும் நாமே கோடிகளைக் கட்டுகிறோம், தாத்தா தன் நூலக வரி ரசீதைத் தொட்டுக் காட்டியது போல எதைத் தொட்டுக் காட்டி இது எனக்கும் பாத்தியம் என்று நான் சொல்வது? எழுதியவரே ஆயிரக்கணக்கான டாலர் கட்டினால் கட்டுரையைத் திறந்து வைக்கிறோம் என்று வந்திருக்கும் ஏற்பாடு எனக்கு இன்னும் கசக்கிறது, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆசிரியரின் பல மாதச் சம்பளம் அது.

அம்மாச்சி போய்ச் சேர்ந்து வெகு காலம் கழித்து, ஆத்தூர்த் திட்டத்தைப் பற்றி வெளிநாட்டு வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருப்பதாகத் தெரிந்து இணையத்தில் தேடிப் போனேன். தலைப்பு தெரிந்தது, சுருக்கம் தெரிந்தது, ஆத்தூர் என்ற பெயர் தெரிந்தது, அதற்குக் கீழே முப்பதோ நாற்பதோ டாலர் என்று ஒரு விலை. அந்த இதழின் பக்கத்தில், இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் கட்டுரைகளின் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன அடையாளம் இருந்தது, பப்ளிக் லைப்ரரி ஆஃப் சயின்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு வரைந்து உலகமெங்கும் பரவிய அடையாளம், வளையம் திறந்த ஒரு பூட்டு. எங்கள் ஊர்க் கட்டுரைக்கு அந்த அடையாளம் இல்லை. எட்டு லீவர் எதுக்கு என்று யாரோ காதருகில் கேட்டதுபோல் இருந்தது, அம்மாச்சியின் திண்ணையில் உட்கார்ந்து, அவள் பிள்ளைகளைக் கணக்கெடுத்துத் தொடங்கிய ஒன்று, அவள் பேரனுக்கு விலை சொல்கிறது.

அந்தப் பேராசிரியரின் முகவரி அதே பக்கத்தில் இருந்தது. நான் இன்ன ஊர்க்காரன், என் அம்மாச்சியின் பெயர் உங்கள் கணக்கில் ஓர் எண்ணாக இருக்கும், படிக்க வேண்டும் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது, கட்டுரையோடு, தன்னிடம் இருந்த பழைய வரைபடங்களோடு, இந்த ஊர்களிலிருந்து ஒருவர்கூட இதுவரை தனக்கு எழுதியதில்லை என்ற வருத்தத்தோடு. அதுவரை எனக்கு அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்து நின்று மறைக்கிறது என்ற கோபம் இருந்தது, எழுதியவரும் அதே கம்பிக்கு மறுபுறம் தன் வாசகனைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது அன்று முதல்தான் மனசில் உறைத்தது.

அச்செடுத்துக் கொண்டுபோய் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நோட்டுக்காரப் பெண்கள் வந்தபோது அம்மாவுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது, இருட்டிவிட்டால் அவர்களுக்கு முன்னால் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவரை கொண்டுபோய் விட்டவள் அவள்தான். முழுக்கக் கேட்டாள், நடுவில் ஓரிடத்தில் என்னை நிறுத்தி, அந்த எண் தப்பு என்றாள். "பேரு வைக்கறதுக்கு முன்னால போன பிள்ளைகள எங்கம்மா அவுகளுக்குச் சொல்லல. எந்த வீட்டுலயும் சொல்லல. பேரில்லாததை எப்புடிச் சொல்றது" என்றாள், சாதாரணமாக, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். பேராசிரியர் நீளமாகப் பதில் போட்டிருக்கிறார், கேள்விகள், எந்தெந்த வீடுகள், எந்த வருஷங்கள், அம்மாவுக்கு எப்படித் தெரியும், அம்மாவின் பெயரைப் போட்டு இதைத் தான் எழுதலாமா, எழுதினால் யாரும் காசில்லாமல் படிக்கும் இடத்திலேயே போடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதிலை அச்செடுத்த தாளோடுதான் செம்பட்டியில் இறங்கி, ஆத்தூர் போகும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பேராசிரியரின் கேள்விகளை ஒவ்வொன்றாக என்னை வாசிக்கச் சொன்னாள், பேரைப் போடுவதைப் பற்றிக் கேட்டதற்கு, "எம் பேரு எதுக்கு, எங்கம்மா பேரப் போடச் சொல்லு" என்றாள். பிறகு நோட்டை எடுக்கச் சொல்லி, "வடக்குத் தெருவுல இருந்து எழுது, முதல் வீடு கொத்தனாரு வீடு, அதுல ரெண்டு. கிழக்குத் தெரு எனக்குச் சரியா வராது, சாயங்காலம் உங்க பெரியம்மாவையும் கூப்பிட்டுக்குவோம்" என்றாள்.